மதுப்பை சுமந்தவன்

நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே, வளைகுடாவின் ஓரத்தில் பையா என்றொரு சிற்றூர். அங்கே கடலைப் பார்த்து நிற்கும் குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை; அதற்குள் இப்போது அருங்காட்சியகம். தோலால் ஆன மதுப்பையைத் தாங்கியபடி அடியெடுத்து வைக்கும் ஓர் ஆளின் பளிங்குச் சிலை அங்கே இருக்கிறது. வயது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு. கடல் அரித்த உடம்பு. துளைக்குப் பக்கத்தில் துளையாக, விரல் நுழையும் அளவுக்குக் கல் குடையப்பட்டிருக்கிறது.

இவன் ஒரு பேரரசனாகவோ தெய்வமாகவோ செதுக்கப்பட்டவன் அல்லன். கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸின் கப்பலில் வந்த தோழர்களில் ஒருவன். அரண்மனை விருந்தில் தொடங்கிக் கடலடிக்குப் போய், கரையேறி, கடைசியில் ஒரு புகைப்படக் கலைஞரின் இருட்டறையில் புதிய உருவம் பெற்றவன். சிதைந்த சிற்பத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஐரோப்பா முந்நூறு ஆண்டுகளாகத் தேடிய விடைகளில் எனக்கு மிகவும் நேர்மையாகப் படுவது இவனுடைய வாழ்க்கைக் கதையில் இருக்கிறது. அதனால்தான் அதை எழுதத் தோன்றியது.

விருந்து மண்டபம்

ரோமானியர் காலத்தில் பையா பணக்காரர்களின் ஊர். வெந்நீர் ஊற்றுகளும் இதமான கடற்காற்றும் ரோமாபுரியின் பெரிய மனிதர்களை அங்கே இழுத்தன. தத்துவ அறிஞர் செனெகா இந்த ஊரின் ஆட்டபாட்டத்தைத் தாங்க முடியாமல் கண்டித்துக் கடிதம் எழுதினார். பேரரசன் கலிகுலா பையாவையும் எதிர்க்கரையில் இருந்த துறைமுகத்தையும் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டு இணைத்தான். நீரோ தன் தாயைக் கொல்லத் திட்டமிட்டு விருந்துக்கு அழைத்தது இங்கேதான். பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 138ஆம் ஆண்டு இறந்ததும் இங்கேதான்.

எதிர்க்கரைத் துறைமுகம் இன்றைய பொட்சுவோலி. கிழக்கு நாடுகளின் சரக்கு ரோமாபுரிக்குப் போன வழி அது. இந்த வட்டாரத்தின் பெயர் கம்பானியா. கம்பானியாவின் மது நிரம்பிய சாடிகள் நம் கடற்கரை வரைக்கும் வந்திருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்த சாடி ஓடுகளில் அவையும் உண்டு. மதுப்பை சுமக்கும் இந்தச் சிலையை விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்த காலமும், அந்தக் கப்பல்கள் நம் கரைக்கு வந்துபோன காலமும் ஒன்றுதான்.

41 முதல் 54 வரை ஆண்ட பேரரசன் கிளாடியஸ், பையாவில் கடலுக்குள் நீளும் முனை ஒன்றில் விருந்து மண்டபம் வைத்திருந்தான். நீளம் சுமார் 18 மீட்டர், அகலம் 9.5 மீட்டர். நடுவே நீர்த்தொட்டி. அதைச் சுற்றி விருந்தாளிகள் சாய்ந்து உண்ணும் மேடை. இரண்டு பக்கச் சுவர்களிலும் மாடங்கள். மாடத்துக்கு ஒரு சிலை. மதுவின் தெய்வமான டயோனிசஸ், கிளாடியஸின் தாய் அந்தோனியா, அவனுடைய சின்ன மகள் ஒக்டேவியா எல்லோரும் அங்கே நின்றார்கள். மண்டபத்தின் கோடியில் அரைவட்டமாக ஒரு குகை அமைப்பு. அங்கேதான் ஒடிசியஸ் மதுக்கிண்ணத்தை நீட்டுகிறான். பக்கத்தில் மதுப்பையுடன் நம் தோழன்.

ஹோமரின் காவியத்தில் இந்தக் கட்டம் கொடூரமானது. ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் குகைக்குள் ஒடிசியஸும் பன்னிரண்டு தோழர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். வேளைக்கு இரண்டு பேராக அரக்கன் தின்று தீர்க்கிறான். மூன்றாம் வேளை முடிந்த பிறகுதான் ஒடிசியஸ் மதுவை நீட்டுகிறான். ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து குடிக்க வேண்டிய கடும் மது அது. கலக்காமல் கொடுக்கப்பட்டதை மூன்று முறை வாங்கிக் குடித்து அரக்கன் சாய்கிறான். ஆக, சிலை காட்டும் கணத்தில் ஆறு தோழர்கள் இறந்தாயிற்று. மதுப்பையைத் தாங்கி வருகிறவன் மிச்சமிருக்கும் ஆறு பேரில் ஒருவன்.

வீடு தேடி வந்தவனுக்கு உணவும் இடமும் தருவது கிரேக்கர்களுக்குத் தெய்வம் விதித்த அறம். அதை மீறிய ஒருவனின் கதையைப் பேரரசனின் விருந்து மண்டபத்தில் எதற்காக வைத்தார்கள்? அழகுக்காக என்று சொல்லிவிடலாம். ஆனால் கலிகுலாவின் அரசவையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாழ்ந்து அரசுக்கு வந்தவன் கிளாடியஸ். அரசனிடம் உண்ணும்போது அரசனே நம்மை உண்டுவிடக்கூடும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த உண்மை. மேடையில் சாய்ந்து மதுவைக் கையில் ஏந்திய ஒவ்வொருவருக்கும் எதிரே, இன்னும் பிழைத்திருக்கும் ஒருவன் பயத்தோடு மதுவைச் சுமந்து நின்றான்.

காவியத்தில் இந்தத் தோழனுக்குத் தனிப் பாத்திரம் கிடையாது; மதுவைக் கொண்டுவந்தவனும் கொடுப்பவனும் ஒடிசியஸ்தான். சுமப்பதற்கு ஓர் ஆளைச் சேர்த்தது சிற்பக் கலை. ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையில் ஸ்பெர்லோங்கா என்ற இடத்தில், கிளாடியஸின் பெரியப்பன் டைபீரியஸுக்குச் சொந்தமான கடற்குகை ஒன்று 1957இல் தோண்டப்பட்டது. அங்கும் பாலிஃபீமஸ் கதை கல்லில் இருந்தது. அங்கும் மதுப்பை சுமக்கும் ஒருவன் இருந்தான். பையாவில் கிடைத்தவனைப் பாயோஸ் என்று அறிஞர்கள் அழைப்பதுண்டு. ஊரின் பெயர் ஒடிசியஸின் தோழன் பாயோஸால் வந்தது என்று பழைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

நிலம் இறங்கியது

பையா நிற்பது ஒரு பெரிய எரிமலை வாயின் விளிம்பில். கம்பி ஃப்ளெக்ரேய் என்று அதற்குப் பெயர். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த அதன் பெருவெடிப்பு ஐரோப்பா கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. அந்தச் சூடு இன்னும் அடியில் இருக்கிறது. அதனால் இங்கே நிலம், உறங்குகிறவரின் மார்பு போல, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. ஏறவும் இறங்கவும் பத்தாண்டுகளும் ஆகும், நூற்றாண்டுகளும் ஆகும்.

ரோமப் பேரரசின் பிற்காலத்தில் கரை இறங்கத் தொடங்கியது. ஒரே நாளில் ஊரை விழுங்கிய பேரழிவு எதுவும் நடக்கவில்லை. தரை நனைந்தது, பிறகு கணுக்கால் அளவு தண்ணீர், பிறகு மார்பளவு. மாளிகைகளை விட்டு மனிதர்கள் மேட்டுக்குப் போனார்கள். சிலைகள் அங்கேயே நின்றன. மண்டபம் கடைசியில் சுமார் 5 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. இந்த வட்டாரத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து ரோமானியர்கள் செய்த சாந்து தண்ணீருக்குள்ளும் இறுகும். அதனால் சுவர்கள் கடலடியிலும் சுவர்களாகவே இருந்தன.

மாடங்களில் இருந்த சிலைகளில் பல சரிந்து மணலில் விழுந்தன. அந்தோனியாவும் ஒக்டேவியாவும் டயோனிசஸும் மணலுக்குள் மூடப்பட்டார்கள். கோடியில் இருந்த ஒடிசியஸும் மதுப்பைத் தோழனும் தங்கள் இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. மணல் அவர்களை முழுதாக மூடவும் இல்லை. விழுந்தவர்கள் தப்பித்தார்கள், நின்றவர்களைக் கடல் தின்றது.

தின்றது ஒரு சிப்பி. பேரீச்சம்பழத்தின் வடிவமும் பழுப்பு நிறமும் கொண்டது என்பதால் இத்தாலிய மீனவர்கள் அதைக் கடல் பேரீச்சை என்பார்கள். சுண்ணாம்புப் பாறைதான் அதற்கு வீடு. குத்தியும் செதுக்கியும் உள்ளே போவதில்லை. உடலிலிருந்து சுரக்கும் திரவத்தால் கல்லைக் கரைத்து, தன் உடல் அளவுக்கு ஒரு குழாய் உண்டாக்கிக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அதற்குள்ளேயே இருக்கும். 5 செ.மீ. நீளம் வளரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பளிங்கும் வேதியியல்படி சுண்ணாம்புக் கல்தான். கடல் பேரீச்சைக்கு ஒடிசியஸின் தோழனும் ஒரு பாறை. மணலில் புதைந்த பகுதிக்குள் அது வராது, மூச்சுக்கு நீரோட்டம் வேண்டும். ஆகவே சிலையின் எந்தப் பகுதி எவ்வளவு காலம் தண்ணீரில் வெளியே நின்றது என்பதை அந்தத் துளைகளே சொல்லிவிடும்.

துளைகளின் இந்த எழுத்தை முதலில் படித்தவர்கள் நிலவியல் அறிஞர்கள். பொட்சுவோலியின் ரோமானியச் சந்தைக் கட்டடம் 1750இல் தோண்டியெடுக்கப்பட்டது. அங்கே நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களில் அடியிலிருந்து சுமார் 3.6 மீட்டர் வரை வழவழப்பு. அதற்கு மேல் சுமார் 2.7 மீட்டர் உயரத்துக்கு ஒரு பட்டையாகச் சிப்பித் துளைகள். தூண் நின்றபடியே கடலுக்குள் இறங்கி, நின்றபடியே மறுபடி மேலே வந்திருக்க வேண்டும். 1828இல் அங்கே போன சார்லஸ் லயல், 1830இல் வெளியிட்ட தன் நிலவியல் நூலின் முகப்புப் படமாக அந்தத் தூண்களையே போட்டார். நிலம் மெல்ல மெல்ல அசைகிறது என்பதற்கு உலகுக்குக் கிடைத்த புகழ்பெற்ற சாட்சி ஒரு சிப்பியின் துளை. காயம் என்று நாம் நினைப்பது ஆவணமாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கரையேற்றம்

மூழ்கிய பையாவை மறுபடி மனிதர்களுக்குக் காட்டியதில் புகைப்படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விமானியும் மூச்சடக்கி முக்குளிப்பதில் சாதனையாளருமான ராய்மொந்தோ புகேர் 1940களில் வானத்திலிருந்து எடுத்த படங்களில், தெளிந்த தண்ணீருக்கு அடியில் தெருக்களும் சுவர்களும் கோடுகோடாகத் தெரிந்தன. இத்தாலியக் கடலடித் தொல்லியலின் முன்னோடி நீனோ லம்போல்யா 1959இல் இங்கே ஆய்வைத் தொடங்கினார்.

1969இல் கடல் கொந்தளித்து மணலை அள்ளிப்போன பிறகு, புந்தா எபிதாஃபியோ என்ற அந்த முனையருகே இரண்டு சிலைகள் கண்ணில் பட்டன. ஒடிசியஸும் அவன் தோழனும்தான் அவர்கள். அதே சமயம் நிலமும் மறுபடி அசையத் தொடங்கியிருந்தது. 1970 மார்ச்சில் பொட்சுவோலியின் பழைய குடியிருப்பான ரியோனே தேர்ராவிலிருந்து மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். முறையான அகழ்வு 1981, 1982ஆம் ஆண்டுகளில் நடந்தது. தொல்லியலாளர்கள் மண்டபத்தை அளந்து, மாடங்களிலிருந்து விழுந்தவர்களை மணலிலிருந்து எடுத்தார்கள். குகையின் நடுவே இருந்திருக்க வேண்டிய பாலிஃபீமஸ் மட்டும் கிடைக்கவில்லை. கிண்ணம் நீட்டப்படுகிறது, வாங்கும் கை இல்லை.

அகழ்வு முடிகிற வேளையில் நிலம் வேகம் பிடித்தது. 1982 முதல் 1984 வரை பொட்சுவோலி சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. ஏறக்குறைய 40,000 பேர் வீடுகளை விட்டுப் போனார்கள். நிலம் இறங்கியபோது மனிதர்கள் சிலைகளை விட்டுப்போனார்கள். நிலம் ஏறியபோது, சிலைகளைக் கரையேற்றிய வட்டாரத்தில் மனிதர்கள் வீடிழந்தார்கள்.

சிலைகள் பையா கோட்டைக்குப் போயின. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரகோன் அரசர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1993இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தபோது, கோபுரம் ஒன்றுக்குள் கடலடி மண்டபத்தின் அமைப்பையே மறுபடி உண்டாக்கி, சிலைகளைப் பழைய வரிசையில் வைத்தார்கள்.

கை வைப்பதா, விடுவதா

இவன் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கரையேறியிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பதை எளிதில் சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டு ரோமில் பர்தொலொமேயோ கவாச்செப்பி போன்ற சிற்பிகளின் பட்டறைகள் உடைந்த சிலைகளுக்குப் புது மூக்கும் புதுக் கையும் வைத்துக் கொடுத்தன. வாங்குபவருக்கு முழுச் சிலை வேண்டும். துளைபட்ட மேற்பரப்பைச் செதுக்கித் தள்ளி மெருகு போடுவதும் அன்றைக்குச் சாதாரணம். இரண்டாயிரம் ஆண்டுச் சாட்சியம் ஒரு வாரத்தில் தூளாகப் போயிருக்கும்.

அந்த வழக்கத்துக்கு முதலில் பெரிய மறுப்பு சொன்னவர் இத்தாலியச் சிற்பி அந்தோனியோ கனோவா. ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் சிற்பங்களைச் செப்பனிட்டுத் தரும்படி எல்ஜின் பிரபு 1803இல் கேட்டபோது, அந்தக் கற்களில் உளி வைப்பது பாவம் என்று அவர் மறுத்தார். ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள், கிரேக்கத் தீவான ஏஜினாவின் கோயில் சிற்பங்களுக்கு டென்மார்க் சிற்பி தோர்வால்சன் விடுபட்ட தலைகளையும் கைகால்களையும் செய்து பொருத்தினார். மியூனிக் அருங்காட்சியகம் 1960களில் அவற்றைக் கழற்றி எடுத்தது. ஒரு நூற்றாண்டு சேர்த்ததை அடுத்த நூற்றாண்டு பிரித்தது.

பையாவின் தோழனுக்கு முகம் வரைந்து கொடுப்பதும் கடினமல்ல. ஸ்பெர்லோங்காவில் இருக்கும் மதுப்பைக்காரனின் முகம் நன்றாகவே பிழைத்திருக்கிறது. அதை இங்கே கடன் வாங்கிக்கொள்ளலாம். கணினி அதை நொடியில் செய்யும். 2020இல் கனடாவைச் சேர்ந்த டேனியல் வோஷார்ட் ரோமப் பேரரசர்கள் 54 பேரின் சிலை முகங்களை, தானாகக் கற்கும் மென்பொருள் கொண்டு, நேற்று எடுத்த புகைப்படம் போல ஆக்கிக் காட்டினார். தோல், முடி, கண்ணின் ஈரம் எல்லாம் வந்துவிட்டன. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைப் பார்த்தவர்களுக்கு வரலாறு ஒரு கணம் அருகில் வந்தது. ஆனால் ஆசை கவாச்செப்பியின் பட்டறையில் இருந்த அதே ஆசைதான். இடையில் கழிந்த காலத்தை அழித்துவிட வேண்டும் என்ற ஆசை.

கல்லைத் தொடாமல், காலத்தையும் அழிக்காமல் சிற்பத்துக்கு மறுபடி உயிர் கொடுக்க வேறு வழி இருக்கிறதா? அந்த வழியைக் காட்டியவர் ஒரு நேப்பிள்ஸ்காரர்.

இருட்டறையில்

மிம்மோ யோதிச்சே 1934இல் நேப்பிள்ஸின் சனிதா பகுதியில் பிறந்தவர். நெருக்கமான வீடுகளும் அடியில் பழைய கல்லறைக் குகைகளும் கொண்ட ஏழைக் குடியிருப்பு அது. சின்ன வயதிலேயே தந்தையை இழந்தார், படிப்பு சீக்கிரமே நின்றுபோனது, தானாகக் கற்றார். 1960களின் தொடக்கத்தில் படத்தைப் பெரிதாக்கும் கருவி ஒன்று கைக்கு வந்தது. படம் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை, இருட்டறையில்தான் படம் பிறக்கிறது என்பதை அவர் அந்தக் கருவியிடம் கற்றார். பின்னர் நேப்பிள்ஸ் நுண்கலைக் கல்லூரியில் நீண்ட காலம் புகைப்படக் கலை சொல்லிக்கொடுத்தார்.

1970களில் அவர் கேமரா மனிதர்கள் பக்கம் இருந்தது. 1973இல் நேப்பிள்ஸில் காலரா பரவியபோது படமெடுத்தார். தொழிற்சாலை, மருத்துவமனை, சிறை, ஊர்த் திருவிழா எல்லாம் அவர் படங்களில் உண்டு. அதே காலத்தில் புகைப்படத் தாளையே கிழித்தும் வெட்டியும் சோதனை செய்தார். 1980இல் வந்த ‘நேப்பிள்ஸ் காட்சிகள்’ என்ற தொகுப்பிலிருந்து மனிதர்கள் மறைந்தார்கள். வெற்றுத் தெரு, சுவர், கடல். பிறகு அவர் மத்தியதரைக் கடலைச் சுற்றிய பழைய நகரங்களுக்குப் போனார். உயிரோடு இருக்கும் மனிதர்கள் விட்டுப்போன இடத்தில் கல் மனிதர்கள் வந்து நின்றார்கள். 1986இல், ஹெர்குலேனியத்தின் பப்பிரஸ் மாளிகையில் 18ஆம் நூற்றாண்டில் கிடைத்த வெண்கல ஓட்டக்காரர்களின் முகங்களை எடுத்தார். 1992இல் பையாவில் நம் தோழனை எடுத்தார். படத்தின் பெயர் ‘ஒடிசியஸின் தோழன்’.

யோதிச்சே கருப்பு வெள்ளையில் மட்டும் எடுத்தவர், அச்சையும் தானே எடுத்தவர். அதன் பொருள் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இருட்டறையில் படச்சுருளின் வழியாக ஒளி தாளில் விழும்போது, கையாலோ அட்டைத் துண்டாலோ ஓரிடத்தில் ஒளியை மறைத்தால் அங்கே வெளிறும். ஓரிடத்துக்குக் கூடுதலாக விட்டால் அங்கே கறுக்கும். ஒரே படச்சுருளிலிருந்து நூறு விதமான படங்கள் வரலாம். எந்தத் துளை ஆழமாகத் தெரிய வேண்டும், எந்தக் கன்னம் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று விரல்கள்தான் தீர்மானிக்கின்றன. கவாச்செப்பி உளியால் கல்லின் மேல் செய்ததை யோதிச்சே ஒளியால் தாளின் மேல் செய்தார். கல் கோட்டையில் அப்படியே இருந்தது.

அவர் சிலைப் படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதலில் நெருங்குகிறார். பீடம், பெயர்ப்பலகை, சுவர், பக்கத்துச் சிலை எல்லாம் சட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. அருங்காட்சியகத்தில் நாம் சிலையைத் தகவலோடு சேர்த்துப் பார்ப்போம்: யார், எந்த நூற்றாண்டு, எங்கே கிடைத்தது. சட்டம் அதையெல்லாம் கழற்றிவிட்டு, நம்மையும் அந்த முகத்தையும் நேருக்கு நேர் நிறுத்துகிறது. அடுத்தது அசைவு. சில படங்களில் உருவம் மங்கி இழுபட்டிருக்கும், கல் தலையைத் திருப்பியது போல. பார்க்கும் கண் ஒரு கணம் ஏமாந்து, அங்கே உயிருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நம்பும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது: அவர் சேதத்தை மறைப்பதில்லை. அரிப்பை ஒளியில் நிறுத்துகிறார்.

பையாவின் தோழனிடம் இந்த மூன்றும் ஒன்றுசேரும்போது நடப்பது பெரிய மாற்றம். சிற்பி அவனிடம் வைத்தது அரக்கனுக்கு முன்னால் நிற்பவனின் பயம். அந்தப் பயத்தின் நுட்பமான கோடுகளைக் கடல் எடுத்துக்கொண்டது. ஆனால் கடல் எடுத்ததோடு நிற்கவில்லை, தன் பங்கையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. யோதிச்சேயின் ஒளியில் அந்தத் துளைகள் ஒரு மனிதன் பட்டதெல்லாம் ஏறிய தோலாகின்றன. கப்பலேறிப் போய் வீடு திரும்பாத ஒருவனின் முகம் அது. ஒடிசியஸோடு புறப்பட்டவர்களில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை, நாயகன் மட்டுமே திரும்பினான் என்று காவியம் சொல்கிறது. கடலில் போனவனைக் கடல் செதுக்கியிருக்கிறது. ரோமானியச் சிற்பி பாதி எழுதிய கதையைச் சிப்பி தொடர்ந்தது. அதைப் படித்து நமக்குச் சொன்னவர் யோதிச்சே.

இது சிற்பியின் எண்ணத்துக்குத் துரோகம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிளாடியஸின் சிற்பி துளையில்லாத, வழவழப்பான உடம்பைத்தான் செய்தான், வண்ணமும் பூசியிருப்பான். அவன் செய்தது எப்படி இருந்தது என்பதை அறிவது தொல்லியலின் கடமை. அதற்கு அளவுகளும் ஒப்பீடும் வரைபடங்களும் இருக்கின்றன. கலைஞனின் கடமை வேறு. இந்தக் கல் இப்போது யார் என்று அவன் சொல்ல வேண்டும். இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்த ஒன்றைப் பிறந்த நாளில் இருந்த முகத்தோடு மட்டும் நினைப்பது அதன் வாழ்க்கையில் பெரும்பகுதியை இல்லை என்று சொல்வதாகும்.

மூன்று உடல்கள்

1995இல் ‘மத்தியதரைக் கடல்’ என்ற அவருடைய தொகுப்பு நூலாக வந்தது. பிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகம் கண்காட்சி நடத்தியது. கோட்டையை விட்டு நகர முடியாத கல் மனிதர்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டினார்கள். 2001இல் திறந்த நேப்பிள்ஸ் மெட்ரோவின் மியூசியோ நிலையத்தில் யோதிச்சேயின் சிலைப் படங்கள் சுவர்களில் ஏறின. வேலைக்கு ஓடுகிறவர்கள் வெண்கல ஓட்டக்காரர்களின் கண்களைக் கடந்து ரயிலேறுகிறார்கள். அருங்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்காதவருக்கும் அந்த முகங்கள் சொந்தமாகிவிட்டன.

கடலடியிலும் ஒரு மாற்றம். மூழ்கிய பையா 2002இல் பாதுகாக்கப்பட்ட கடலடிப் பூங்காவானது. புந்தா எபிதாஃபியோவின் மண்டபத்தில், சிலைகள் நின்ற இடங்களில் நகல்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. முக்குளிப்பவர்கள் கிளாடியஸின் விருந்து மண்டபத்துக்குள் நீந்திப் போய் மதுப்பைக்காரனைப் பார்க்கலாம். கடலடிச் சுவர்களையும் தரைகளையும் தண்ணீருக்குள்ளேயே செப்பனிடும் முறைகளை இத்தாலிய அரசின் மறுசீரமைப்பு நிறுவனம் இங்கே பல ஆண்டுகளாக உருவாக்கி வருகிறது. கடல் பேரீச்சைக்கும் சட்டக் காவல் வந்துவிட்டது. அதை எடுக்கப் பாறைகளைச் சுத்தியலால் உடைத்துக் கடலடியே பாழானதால், இத்தாலி 1998இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் தடை விதித்தன. சிலையைக் குடைந்த உயிரும் இன்று காப்பாற்றப்பட வேண்டிய உயிர்.

ஆக, அவனுக்கு இப்போது மூன்று உடல்கள். கோட்டையில் மூலம், கடலடியில் நகல், தாளில் புகைப்படம். மூலம் சாட்சியம்; அதில் ஒரு துளியும் மாறக் கூடாது. நகல் இடத்தைக் காட்டுகிறது. அவன் எங்கே நின்றான் என்று உடம்பால் உணரவைக்கிறது. புகைப்படம் மற்ற இரண்டும் செய்ய முடியாததைச் செய்கிறது: பட்டதையெல்லாம் சேர்த்து அவனை ஒரு மனிதனாக நம் முன் நிறுத்துகிறது. மூன்றும் தத்தம் வேலையைச் செய்தால் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பறிக்க வேண்டியதில்லை. கல்லின் மேல் கற்பனையைத் திணித்த பழைய தவறு, கற்பனைக்கு வேறோர் இடம் கிடைக்காததால் நேர்ந்தது. புகைப்படம் அந்த இடத்தைக் கொடுத்துவிட்டது.

2005 முதல் கம்பி ஃப்ளெக்ரேயில் நிலம் மறுபடி உயர்ந்துகொண்டிருக்கிறது. பொட்சுவோலியில் ஒரு மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது. துறைமுகத்தில் தண்ணீர் பின்வாங்கி, படகுகள் தரைதட்டுகின்றன. நில நடுக்கங்கள் மக்களை இரவில் தெருவுக்கு விரட்டுகின்றன. அந்த ஊரில் வாழ்கிறவர்களுக்குப் பழைய சிலையைக் காட்டிலும் பெரிய கவலைகள் உண்டு. ஆனாலும் நிலத்தின் இந்த ஏற்ற இறக்கத்தை உடம்பில் சுமந்தபடி நிற்கும் ஒருவன் அவர்களுக்கு அந்நியன் அல்லன். இதே நிலத்தில், இதே அசைவில், வீட்டை இழந்தவன் அவன்.

சிதைந்த சிற்பத்தின் முன் நிற்கும்போது, போனது என்ன என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். மூக்கு எங்கே, கை எங்கே, முழுதாக இருந்தபோது எவ்வளவு அழகாக இருந்திருக்கும். யோதிச்சேயின் படம் அதற்கு முன்பு கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியைக் கற்றுத்தருகிறது: இங்கே வந்து சேர்ந்திருப்பது என்ன? அந்தக் கேள்வியோடு நெருங்குகிறவர்களுக்கு உடைந்த கல்லிலும் முழுமையான ஒரு வாழ்க்கை கிடைக்கும். அதைச் சொல்லக் கேமரா பிடித்தவர்களும் எழுதுகிறவர்களும் இருக்கும்வரை, ஒரு சிற்பத்தின் கதை அது உடைந்த நாளோடு முடிந்துபோவதில்லை.